இருபத்து நான்கு முயல்களும் டாக்டர் கஸ்தூரியம்மாள் போட்ட கையெழுத்தும்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் கால்நடை மருத்துவர், மதிப்பிற்குரிய கோபாலகிருஷ்ணன் அவர்களே! தொழிலாளர் குடும்ப நலக் கழகத்தின் நிர்வாகக் குழுப் பெரியவர்களே! அக்காவைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரி தனம் அவர்களே! எங்கள் மகளிர் மருந்தகத்தின் செவிலியர் ஜான் பீவி அவர்களே! முதல் ஷிஃப்ட் முடித்து, குளிக்கக்கூட நேரமில்லாமல், மைன்ஸ் தூசியோடு அப்படியே வந்து பின்னால் நிற்கும் தோழர்களே! இடம் போதாமல் படிக்கட்டு வரைக்கும் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த மருதமுத்துவின் வணக்கம்.

என்னை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மருந்தகத்தில் அட்டெண்டர். கேட் மீட்டிங் என்றால் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டான் என்று என்னைப்பற்றி ஒரு பேர் உண்டு. அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்த ஒன்றை இன்றைக்கு இந்தச் சபையில் சொல்லப் போகிறேன். சொன்னால் என் வேலை போகலாம். சொல்லாவிட்டால், நம் டாக்டரம்மா மேல் விழுந்த ஒரு கெட்ட பேர் அவரோடு சேர்ந்து சாம்பலாகாமல் இங்கேயே தங்கிவிடும். அது என்ன பேர் என்று உங்களுக்குத் தெரியும். "அந்தம்மா முயலை வெச்சி என்னமோ ஆராய்ச்சி பண்ணி, கடைசியில கோட்டை விட்டுட்டாங்களே!" என்று இந்த நெய்வேலி டவுன்ஷிப்பில் பேசாத வாய் உண்டா? எனக்கு முன்னால் பேசிய நண்பர்கூட, நல்ல மனசோடுதான், "அவருடைய ஆராய்ச்சி வெற்றி பெறாவிட்டாலும்" என்றார். அந்த "பெறாவிட்டாலும்" என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

டாக்டர் கஸ்தூரியம்மாள், எம்.பி.பி.எஸ்., டி.ஜி.ஓ.! பதினெட்டு ஆண்டுகள் இந்த ஊரில் பிரசவம் பார்த்தவர். இந்தக் கூட்டத்திலேயே அவர் கையில் பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர்! எண்ணிப் பார்க்க ஆரம்பித்தால் இரங்கல் கூட்டம் நாளைக் காலை வரைக்கும் போகும். ஆனால் பிள்ளை பெற்றுக்கொடுத்தார் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் அது அவருக்குச் செய்கிற மரியாதை ஆகுமா? பிரசவ வலியை ஊரே மதிக்கிறது. பிள்ளையே இல்லாமல் மாதவிலக்கோடு மாதாமாதம் வருகிற வலியை யார் மதித்தார்கள்? அவர் ஒருவர்தான் மதித்தார்.

மாதவிலக்கு என்று நான் சொன்னவுடன் முன்வரிசையில் இரண்டு பேர் செருமுவது இங்கே கேட்கிறது. செருமிக்கொள்ளுங்கள் ஐயா, தப்பில்லை. ஆனால் காதை மூடிக்கொள்ளாதீர்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படித்தான் செருமினேன். டாக்டரம்மா என் முன்னால் ஒரு காகிதத்தை வைத்து, கருப்பையைப் படம் போட்டுக் காட்டினார். கருப்பைக்குள்ளே இருக்கவேண்டிய சவ்வு சில பெண்களுக்கு வெளியே போய், வயிற்றுக்குள் கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு வளர்கிறதாம். உள்ளே இருப்பது மாதாமாதம் என்ன பாடு படுகிறதோ, அதே பாடு வெளியே ஒட்டியிருப்பதும் படுகிறதாம். உதிரம் போக வழியில்லை. அந்த இடம் புண்ணாகிறது, வீங்குகிறது, பக்கத்தில் இருக்கிற குடலோடும் ஒட்டிக்கொள்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் என்று அதற்குப் பேர். அந்தப் பேரை வாயில் நுழைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. என் மனைவி நாகம்மாளுக்கு அந்த நோய் அதற்குள் பதினோரு வருஷமாக இருந்தது.

நாகம்மாளிடம் அனுமதி கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன். அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். மாதத்தில் நான்கு நாள் தரையில் சுருண்டு கிடப்பாள். முத்தாண்டிக்குப்பத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள்? "ஒரு புள்ள பொறந்தா எல்லாம் சரியாப்பூடும்" என்றார்கள். பிள்ளை பிறக்காததற்கும் அந்த நோய்தான் காரணம் என்பது யாருக்குத் தெரியும்! "வேல செய்யாம இருக்கறதுக்கு வேஷம் போடுது" என்றார்கள். யார் யாரையோ குறை சொல்கிறேனே, நான் என்ன சொன்னேன்? கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே பன்னிரண்டு மணி நேரம் மண் வாரிவிட்டு வந்து, சோறு இல்லை என்றதும், நானும் அதையேதான் சொன்னேன். சொன்னேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

அவளை மருந்தகத்துக்கு அழைத்துப்போன நாளில் டாக்டரம்மா என்னை வெளியே நிறுத்தவில்லை. "நீங்களும் உள்ள வாங்க. வலி அவங்களுக்கு, ஆனா வீடு ரெண்டு பேருக்கும்தானே" என்றார். அவர் எல்லோரையும் "நீங்க" என்றுதான் பேசுவார். கூட்டிப் பெருக்குகிறவரையும் "நீங்க", சேர்மன் வந்தாலும் அதே "நீங்க". எனக்கு அப்போது மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை போய்விட்டிருந்தது. மருந்தகத்தில் ஆள் தேவை என்று அவர்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார். அதுவும் கான்ட்ராக்ட்தான். ஆனாலும் வெயில் இல்லாத வேலை.

ஒரு சம்பவம். ஒரு கான்ட்ராக்டர், பேர் வேண்டாம், அவரிடம் சித்தாள் வேலை செய்த பெண்ணுக்கு டாக்டரம்மா இரண்டு நாள் லீவ் எழுதிக்கொடுத்தார். அந்த மனிதர் சீட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். "இதெல்லாம் ஒரு நோயா?" என்று கேட்டாராம். டாக்டரம்மா என்ன செய்தார் தெரியுமா? சாயங்காலம் நேரே அவருடைய ஷெட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அவருடைய வருகைப் பதிவேட்டை எடுத்து, பின்னட்டையில் படம் வரைந்து, எனக்குச் சொன்னதை அப்படியே அவருக்கும் சொன்னார். அந்த மனிதருக்கு வியர்த்த வியர்வை இருக்கிறதே! "போதும்மா, போதும்மா, மூணு நாளே எடுத்துக்கட்டும்" என்று எழுந்து நின்றுவிட்டார். டாக்டரம்மா விடவில்லை. "உக்காருங்க, இன்னும் முடியல" என்று முழுப் பாடத்தையும் நடத்திவிட்டுத்தான் கிளம்பினார்.

ஆனால் லீவ் சீட்டு நோயைக் குணமாக்குமா? அன்றைக்கு இருந்த வழிகள் என்ன? ஹார்மோன் மாத்திரை. அதைத் தாங்க முடியாத பெண்கள் உண்டு. இல்லையென்றால் ஆபரேஷன், கருப்பையையே எடுத்துவிடுவது. இருபத்தாறு வயதுப் பெண்ணிடம் போய் கருப்பையை எடுத்துவிடலாம் என்று எப்படிச் சொல்வது? டாக்டரம்மா வேறு ஒன்றைக் கவனித்தார். மூட்டுவலிக்குக் கொடுக்கிற, வீக்கம் தணிக்கிற ஒரு மருந்து. அதை வலி தொடங்குவதற்கு முன்பே கொடுத்தால் சில பெண்கள் எழுந்து நடமாடினார்கள். நாகம்மாளும் நடமாடினாள். உடனே அவருக்கு ஒரு கேள்வி வந்தது. அந்தக் கேள்விதான் அவருடைய வாழ்க்கை என்று நான் சொல்வேன். "இது வலியை மட்டும் மறைக்குதா, இல்ல உள்ள இருக்கற புண்ணையே குறைக்குதா?" மறைக்கிறது என்றால் நாம் பெண்களை ஏமாற்றுகிறோம். குறைக்கிறது என்றால் அதை எல்லாப் பெண்களுக்கும் கொடுக்கவேண்டும். வயிற்றைத் திறந்து பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? பெண்களைத் திறந்து பார்க்க முடியுமா?

அப்படித்தான் முயல்கள் வந்தன.

எண்பத்தொன்றாம் ஆண்டு. முயலின் வயிற்றில் இதே நோயை உண்டாக்கிப் பார்க்கலாம் என்று வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் படித்திருந்தார். வெளியூர் மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு எழுதினார். முதல் கட்டமாக நீங்களே செய்து காட்டுங்கள், சரியாக வந்தால் இரண்டாம் கட்டத்தை நாங்கள் எடுத்துச் செய்கிறோம் என்று அவர்கள் பதில் போட்டார்கள். மருந்தகத்துக்குப் பின்னால் இருந்த சைக்கிள் ஷெட்டைக் காலி செய்தோம். இருபத்து நான்கு பெண் முயல்கள். நம் தலைவர் கோபாலகிருஷ்ணன் ஐயாதான் ஆபரேஷன் செய்தார். முயலின் கருப்பைச் சவ்வில் துளி எடுத்து, அதன் வயிற்றுக்குள்ளேயே வேறிடத்தில் தைப்பது. சின்னக் கை வேலை. ஐயா மூச்சைப் பிடித்துக்கொண்டு தைப்பார். டாக்டரம்மா பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

குடியிருப்பு பிளாக்கில் என்ன பேச்சு அப்போது! "முயலு வளக்கறாங்களாமே, ஞாயித்துக்கிழம கறி கெடைக்குமா?" என்று கேட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். தலையைக் குனிய வேண்டாம், பேர் சொல்லமாட்டேன்.

முயல்களைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு என்னுடையது. கூண்டு கழுவ வேண்டும், புல் போட வேண்டும், தினம் காலையில் தவிட்டு உருண்டை கொடுக்க வேண்டும். டாக்டரம்மாவும் ஜான் பீவி அக்காவும் சேர்ந்து உருண்டை பிடித்து இரண்டு டப்பாவில் வைப்பார்கள். பச்சை மூடி போட்ட டப்பாவில் மருந்து கலந்த உருண்டை. சிவப்பு மூடியில் வெறும் தவிடு. ஒன்று முதல் பன்னிரண்டு வரை உள்ள முயல்களுக்குப் பச்சை மூடி. பதின்மூன்று முதல் இருபத்து நான்கு வரை சிவப்பு மூடி. எட்டு வாரம். பிறகு எல்லா முயல்களையும் மயக்கத்திலேயே உயிர் போகவைத்து, வயிற்றைத் திறந்து, தைத்த இடம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும்.

நான் கேட்டேன், "அந்தப் பன்னெண்டுக்கும் மருந்து குடுத்தா இன்னாங்கம்மா? அதுங்களுக்கும் வலிக்காதா?" என்று. அவர் பொறுமையாகச் சொன்னார். "மருந்து கிடைக்காதது எப்படி இருக்குன்னு பார்த்தாதான் மருந்து என்ன செஞ்சுதுன்னு சொல்ல முடியும், மருதமுத்து. கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா மாத்திடாதீங்க." நான் தலையாட்டினேன். தலை ஆடியது, மனசு ஆடவில்லை.

இப்போது சொல்லப்போவதைக் கேளுங்கள்.

மூன்றாவது வாரம் தொடங்கிய திங்கட்கிழமை. பதினேழாம் நம்பர் முயல் கூண்டு மூலையில் சுருண்டு கிடந்தது. வலியால் சுருண்டதா, புரட்டாசிப் புழுக்கத்தால் சுருண்டதா, எனக்குத் தெரியாது. முயலுக்குப் பெண்களைப் போல மாதவிலக்கு கிடையாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனால் அன்று காலையில்தான் நாகம்மாளை அதே மாதிரி சுருண்ட நிலையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். வீட்டில் மாத்திரை தீர்ந்து போயிருந்தது. அந்த முயலின் முதுகைப் பார்த்தேன். எனக்கு என் வூடுதான் தெரிந்தது.

தோழர்களே, நாம் எல்லோரும் ஷிஃப்ட் பார்த்தவர்கள். ஒரே கேங்கை மூன்று வாரம் தொடர்ந்து நைட் ஷிஃப்டில் போட்டால் விடுவோமா? கேட்டை மறித்து உட்கார மாட்டோமா? உட்கார்ந்திருக்கிறோமே! இந்த வாரம் உனக்கு நைட், அடுத்த வாரம் எனக்கு நைட். கஷ்டத்தை மாற்றி மாற்றிப் போடுவது, அதுதான் நியாயம் என்று பத்து வருஷம் என் ரத்தத்தில் ஊறியிருந்தது. அந்த நியாயத்தைக் கொண்டுபோய் முயல் கூண்டில் வைத்தேன். அன்று காலையே பச்சை மூடி உருண்டையைப் பதின்மூன்றுக்கு மேற்பட்ட முயல்களுக்குப் போட்டேன். சிவப்பு மூடியை முதல் பன்னிரண்டுக்குப் போட்டேன். அடுத்த திங்கட்கிழமை திருப்பிப் போட்டேன். மீதி இருந்த வாரங்கள் முழுக்க ஷிஃப்ட் மாற்றினேன்! யாரிடமும் சொல்லவில்லை. பெரிய தர்மம் செய்துவிட்டதாக எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. பதினேழாம் நம்பர் ஒரு நாள் எழுந்து புல் தின்றது. பார்த்தாயா, என் நியாயம் ஜெயித்தது என்று நினைத்தேன். அட மடையா!

ஆமாம் ஐயா. டாக்டரம்மா கோட்டை விடவில்லை. கோட்டைச் சுவரை இடித்தவன் இந்த மருதமுத்து.

எட்டு வாரம் முடிந்தது. வயிறுகளைத் திறந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. மருந்து தின்றது, தின்னாதது, எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. டாக்டரம்மா அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "என் தையல்லதான் ஏதோ தப்பு நடந்திருக்கணும்மா" என்றார் கோபாலகிருஷ்ணன் ஐயா.

ஆனால் ஐயா கெட்டிக்காரர். போகிற போக்கில் இரைப்பைகளையும் திறந்து பார்த்தார். அந்த மருந்து நாள்பட்டால் இரைப்பையில் சின்னச் சின்னப் புண்களை உண்டாக்கும். மருந்து தின்ற முயல்களில் அது இருக்கவேண்டியதுதான். மருந்தே தொடாத முயல்களின் இரைப்பையிலும் இருந்தது! இருபதாம் நம்பரில் இருந்தது. பதினேழாம் நம்பரில் இருந்தது. டாக்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் கேட்டார், "மருதமுத்து, டப்பா ஏதாவது மாறிச்சா?" என்று. "இல்லீங்கம்மா" என்றேன். அடுத்த நாள் காலையில் மறுபடியும் கேட்டார். "இல்லீங்கம்மா." மூன்றாம் நாள் ஷெட்டுக்கே வந்தார். நான் காலிக் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். "மாறியிருந்தா சொல்லிடுங்க. எந்த வாரம் எதுக்குப் போச்சுன்னு தெரிஞ்சா, ஒண்ணு ரெண்டாவது மிஞ்சும். கோவிச்சுக்க மாட்டேன்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏம்மா, என் மேல சந்தேகமா?" என்று கேட்டேன். குரலை உயர்த்திக் கேட்டேன்! அந்த அம்மா முகத்தில் ஒரு கோபம்கூட வரவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஏன் பொய் சொன்னேன்? அந்த மாதம்தான் பர்மனென்ட் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. என் பேர் அதில் இருந்தது. பர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், நாகம்மாளின் மருத்துவச் செலவைக் கழகம் பார்த்துக்கொள்ளும். பர்மனென்ட் என்ற சொல்லுக்கு இந்த ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? அதற்காக வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போடவேண்டியவர் யார்? டாக்டரம்மா!

போட்டார். அதே வாரத்தில் இன்னொரு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார். கல்லூரிக்கும் நம் குழுவுக்கும் அனுப்பிய அறிக்கை. அதன் நகல் மருந்தகக் கோப்பில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். "மருந்து கொடுத்த முறையில் பிழை நேர்ந்துள்ளது. மேற்பார்வை என்னுடையது, ஆகவே பிழையும் என்னுடையது. இம்மருந்து பயன் தரும் என்றோ தராது என்றோ இந்தச் சோதனையை வைத்து எவரும் முடிவு செய்யக் கூடாது." கீழே கஸ்தூரியம்மாள் என்று அவர் பேர். மருதமுத்து என்ற பேர் ஓர் இடத்திலும் இல்லை.

மறைக்க முடியாதா அவரால்? இரைப்பைப் புண் விஷயம் மூன்று பேருக்குத்தான் தெரியும். மருந்தில் பயனில்லை என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் அவர் கௌரவத்துக்கு ஒரு குறையும் வந்திருக்காது. ஒரு நல்ல சோதனை, ஒரு சுமாரான முடிவு என்று போயிருக்கும். அப்படி எழுதினால், எங்கோ ஒரு டாக்டர் அதைப் படித்துவிட்டு, யாரோ ஒரு பெண்ணுக்கு இந்த மருந்து வேண்டாம் என்று சொல்லிவிடுவாரே என்று பயந்தார். அந்த முகம் தெரியாத பெண்ணுக்காகத் தன் பேரைக் கெடுத்துக்கொண்டார்.

அதன்பின் நடந்தது உங்களுக்கே தெரியும். கல்லூரி கையை விரித்தது. குழுக் கூட்டத்தில் ஒருவர், அவர் இப்போது ஊரில் இல்லை, "பிரசவம் பாக்கற அம்மாவுக்கு முயல் எதுக்கு?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் டீ கொடுத்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மா தலை குனியவில்லை. நான்தான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஷெட் திரும்பவும் சைக்கிள் ஷெட் ஆனது.

என்னை அவர் வெளியே அனுப்பவில்லை. எட்டாத இடத்துக்கும் மாற்றவில்லை. ஒரு வேலை கொடுத்தார். வலியோடு வருகிற பெண்களுக்கு ஒரு நோட்டு. எந்தத் தேதியில் வலி தொடங்கியது, எத்தனை நாள் படுக்கை, மருந்து எப்போது எடுத்தார், எழுந்து எப்போது அடுப்பு பற்ற வைத்தார். அதை எழுதுகிற வேலை. "நீங்க நினைச்சதை எழுத வேண்டாம். அவங்க சொன்னதை மட்டும் எழுதுங்க" என்றார். பெண்கள் ஓர் ஆணிடம் இதையெல்லாம் சொல்வார்களா என்று கேட்டேன். "நீங்க வெக்கப்படாம கேட்டா சொல்வாங்க" என்றார். சொன்னார்கள். ஐந்து வருஷத்தில் நூற்றுப் பதினெட்டு பெண்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ் ஏறி வந்தெல்லாம் சொன்னார்கள். அந்த நோட்டில் ஓர் எழுத்துகூட நான் மாற்றியதில்லை. ஆனால் அந்த ஐந்து வருஷத்தில் ஒருநாள்கூட, அம்மா, நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், சம்பள நாள் போகட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பதினாறு நாளுக்கு முன், வார்டில் ரவுண்ட்ஸ் போய்க்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஐம்பத்து நான்கு வயது.

சுடுகாட்டிலிருந்து வந்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, நாகம்மாளிடம் முதன்முதலாக எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் என்ன கேட்டாள் தெரியுமா?

"மருந்து கெடைக்காத பன்னெண்டு முயலுக்குப் பரிதாபப்பட்டியே, நல்லா இருக்குது. மருந்து கெடைக்காத பொம்பளைங்கள நெனச்சிக்கினியா?"

"உன்ன நெனச்சித்தான் செஞ்சேன்" என்றேன்.

"என்ன நெனச்சிருந்தா அந்தம்மா கேட்டப்ப சொல்லியிருப்ப. நீ உன் வேலைய நெனச்சிக்கினு இருந்த. இப்ப எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்? போ, நாலு பேருக்கு முன்னால சொல்லு. வேல போனா போவுது. வலி எனக்குப் பழகிப்போச்சி, பசி பழகாதா?" என்றாள்.

சபையோரே, அவள் சொல்லித்தான் இங்கே நிற்கிறேன். எனக்குத் தைரியம் இருக்கிறது என்று யாரும் கை தட்டிவிடாதீர்கள். தட்டினால் மைக்கை வைத்துவிட்டு இறங்கிவிடுவேன். இது பாராட்டுக்கு உரிய காரியம் இல்லை. ஐந்து வருஷம் லேட்டாக வந்த ஆள் கார்டு பஞ்ச் செய்கிற மாதிரிதான் இது.

கோபாலகிருஷ்ணன் ஐயா, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. அன்றைக்குப் பிறகு நீங்கள் நுணுக்கமான ஆபரேஷன் எதையும் கையில் எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். டப்பா மாறியதா என்று உறுதியாகத் தெரியாததால், என் தையல்தான் சரியில்லை என்று இன்றைக்கும் சொல்கிறீர்களாம். ஐயா, உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. இருபத்து நான்கு முயலுக்கும் தையல் சுத்தமாகப் பிடித்திருந்தது, நான் பார்த்தேன். என்னை மன்னிக்க வேண்டாம். அந்தக் கத்தரிக்கோலை மட்டும் மறுபடி எடுங்கள்.

சகோதரி தனம் அவர்களே, உங்கள் அக்கா தோற்கவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு நாங்கள் பதில் வர விடவில்லை, அவ்வளவுதான். இப்போது வெளிநாட்டில் எலிகளில் எல்லாம் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கிறார்களாம், ஐயா சொன்னார். ஒரு சைக்கிள் ஷெட்டில், விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, நம் நெய்வேலியில் ஒரு பெண்மணி அதே கேள்வியைக் கேட்டார்! அந்தக் கேள்வி செத்துவிட்டதா? சாக விடலாமா?

இந்தக் கூட்டத்தில் டாக்டரம்மாவுக்குப் படம் திறப்பது, வார்டுக்குப் பேர் வைப்பது என்று தீர்மானங்கள் வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். வையுங்கள், மனசார வையுங்கள். அதற்கு முன்னால் குழுப் பெரியவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்று இருக்கிறது. நான் இன்று சொன்னதை நடவடிக்கைக் குறிப்பில் வரிக்கு வரி ஏற்றுங்கள். அந்த அறிக்கையோடு சேர்த்து அதைக் கல்லூரிக்கு அனுப்புங்கள். எந்த வாரம் எந்த டப்பா எந்தக் கூண்டுக்குப் போனது என்பது எனக்கு இன்றும் மனப்பாடம். அதை நேற்றிரவு எழுதி முடித்து ஜான் பீவி அக்காவிடம் கொடுத்துவிட்டேன். எட்டு வாரத்தில் முதல் இரண்டு வாரம் ஒழுங்காக நடந்தது, அதற்கப்புறம்தான் கெட்டது. அதிலிருந்து ஏதாவது தேறுமா என்று படித்தவர்கள் பார்க்கட்டும். தேறாவிட்டால் மறுபடி முதலிலிருந்து செய்வோம். நூற்றுப் பதினெட்டு பெண்களின் நோட்டு இருக்கிறது. ஐயா இருக்கிறார். ஜான் பீவி அக்கா இருக்கிறார்.

சைக்கிள்களை நானே வெளியே எடுத்துப் போடுகிறேன். கூண்டு கழுவுகிறேன், புல் அறுத்துக்கொண்டு வருகிறேன். மருந்து டப்பாவை மட்டும் என் கையில் கொடுக்க வேண்டாம். அந்த வேலைக்கு ஒரு பெண்ணைப் போடுங்கள். எத்தனையோ வருஷம் வலியைத் தாங்கியவர், எட்டு வாரம் மனசை அடக்கி வைத்துக்கொள்ள மாட்டாரா?

தாய்மார்களே, வழக்கம்போல எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம். ஆனால் அது முடிந்த பிறகு மௌனமாகவே வீட்டுக்குப் போய்விடாதீர்கள். வலிக்கிறவர்கள் நாளைக்கு வந்து வலிக்கிறது என்று சொல்லுங்கள். அவருக்கு நீங்கள் செலுத்துகிற அஞ்சலி அதுதான்.

நான் எட்டு மணிக்கு டியூட்டிக்கு வருவேன். என்னை வேலையில் வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்பதைக் குழு முடிவு செய்யட்டும். என்ன காகிதம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். அதில் கீழே போடவேண்டிய கையெழுத்தை நானே போடுகிறேன். எனக்காகப் போடுவதற்கு இனிமேல் அவர் இல்லை.